மணல் சீட்டு: ரகசியக் கூட்டத்தைத் துப்பறியும் திகில் ரோல்பிளே அமர்வைத் திட்டமிட ஒரு முழுமையான வழிகாட்டி

காட்பாடியில் ஒரு வீடு. இரவு எட்டு மணி ஆனதும் அந்த வீட்டு அம்மா இரண்டு தட்டுகளை எடுத்து வைக்கிறார். ஒன்றில் தாம் சாப்பிடுகிறார். மற்றதில் சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றி, ஈ மொய்க்காமல் மூடி வைத்து, காலையில் அப்படியே எடுத்து மாட்டுக்கு வைக்கிறார். அது யாருக்கு என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. குடும்ப அட்டையில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. இரண்டாவது பெயரைப் படித்துக் காட்டினால், "எழுதனவங்க தப்பா எழுதிட்டு இருப்பாங்க கண்ணு, நீ சாப்டுகினு போ" என்கிறார்.

நான் நடத்திய திகில் அமர்வுகளில் உருப்படியாக அமைந்த ஒன்று இந்தக் காட்சியிலிருந்துதான் தொடங்கியது. ரகசியக் கூட்டமொன்றைத் துப்பறியும் ரோல்பிளே அமர்வை எவ்வாறு திட்டமிடுவது என்பதை, அந்த அமர்வையே எடுத்துக்காட்டாக வைத்து, தொடக்கத்திலிருந்து விளக்குகிறேன். நான்கு ஆட்டக்காரர்கள், ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் ஒருவர், நான்கு மணி நேரம் என்பது கணக்கு. இதுவரை ஆடியிராதவர்களுக்கு: ஒவ்வோர் ஆட்டக்காரரும் ஒரு பாத்திரமாக நின்று பேசி முடிவெடுப்பார், கேம் மாஸ்டர் அந்த உலகத்தையும் அதில் உள்ள மற்ற மனிதர்கள் அனைவரையும் தம் குரலில் கொண்டுவருவார், என்ன ஆகும் என்று உறுதியில்லாத இடத்தில் பகடை உருளும்.

திகில் துப்பறிதலுக்கென்றே எழுந்த விதிமுறைகளில் மிகவும் பரவியது, சாண்டி பீட்டர்சன் வடிவமைத்து கேயாசியம் நிறுவனம் 1981இல் வெளியிட்ட கால் ஆஃப் கதுல்ஹு. ஒரு திறமைக்கு 100க்கு எத்தனை என்று எழுதிக்கொண்டு, இரண்டு பத்துமுகப் பகடைகளை உருட்டி, ஒன்றைப் பத்துகளாகவும் மற்றதை ஒன்றுகளாகவும் படித்து, அந்த எண்ணோ அதற்குக் குறைவோ விழுந்தால் வெற்றி என்பதே அதன் அடிப்படை. கடினமான செயலென்றால் அந்த எண்ணில் பாதிக்குள் விழ வேண்டும். இந்த ஒரு விதி போதும். மீதியை இங்கே நாமே அமைத்துக்கொள்ளலாம். (அதே 1981இல்தான், வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு, பல தலைமுறைகளாக வெளியே வைத்துப் பூசிக்கப்பட்ட லிங்கம் திரும்பி வந்தது. இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனாலும் எனக்கு அந்த ஆண்டு பிடிக்கும்.)

முதல் படி: கூட்டத்துக்கு என்ன வேண்டும்?

புதிதாக நடத்துபவர்கள் பெரும்பாலும் கறுப்பு அங்கியிலிருந்தும் மெழுகுவர்த்தியிலிருந்தும் தொடங்குகிறார்கள். நம்மூர்க்காரர் என்றால் மண்டை ஓடு, எலுமிச்சம்பழம், குங்குமம். இவற்றைத் தொலைக்காட்சித் தொடர்களில் பார்த்துப் பார்த்து மரத்துப்போன நமக்கு இதனால் பயம் வருவதில்லை. தினமும் நம்பிக் கையை நீட்டுகிற ஏதோ ஒன்று வேறு முகம் காட்டும்போதுதான் வயிற்றைக் கலக்குகிறது. வேலூர்ப் பக்கம் தெருவுக்குத் தெரு அப்படி நம்பப்படுகிற ஒன்று உண்டென்றால் அது ஏலச் சீட்டு. ஆகவே என் ரகசியக் கூட்டம் ஒரு சீட்டாக அமைந்தது.

சீட்டு எப்படி நடக்கிறது என்பது தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை என்றாலும், கூட்டத்தின் விதிகள் முழுவதும் அதிலிருந்தே பிறப்பதால் ஒருமுறை எழுதிப் பார்ப்பது நல்லது. 20 பேர், 20 மாதம், ஆளுக்கு மாதம் 500 ரூபாய். மாதா மாதம் சேரும் 10,000 ரூபாயை ஒருவர் எடுப்பார். முதல் சீட்டு நடத்துபவருக்கு. அடுத்த மாதத்திலிருந்து, அவசரக்காரர்களில் யார் அதிகமாகத் தள்ளிக் கேட்கிறாரோ அவருக்கு. ஒருவர் 3,000 தள்ளி எடுத்தால் அவர் கையில் 7,000. தள்ளிய 3,000 கழிவாகி 20 பேருக்கும் ஆளுக்கு 150 வீதம் பிரியும். எடுத்தவர் கடைசி மாதம்வரை தவறாமல் கட்டியாக வேண்டும். கடைசிச் சீட்டுக்குப் போட்டி இல்லாததால் தள்ளும் இல்லை. முழுப் பணமும் கடைசி ஆளுக்கே.

இப்போது பணத்தை எடுத்துவிட்டு வேறொன்றை வையுங்கள். என் சீட்டில் எடுப்பவருக்குக் கேட்டது கிடைக்கும். தள்ளுவது, தம்மை நினைவில் வைத்திருக்கும் மனிதர்களை. காட்பாடி அம்மாவின் மகன், மருத்துவர்கள் கைவிட்ட தாயைப் பிழைக்க வைக்க, 40 பேரைத் தள்ளிச் சீட்டை எடுத்தான். அந்த 40 பேரில் தாயும் ஒருவர். அவர் பிழைத்துவிட்டார், மகன் யாரென்று அவருக்குத் தெரியாது. அவன் சாகவில்லை. இதே ஊரில் நடமாடுகிறான், எடுத்த சீட்டுக்கு மாதம் தவறாமல் கட்டுகிறான், இரவு எட்டு மணிக்கு எதிர்ச்சாரி டீக்கடை ஓரம் நின்று, மூடி வைத்த தட்டைப் பார்த்துவிட்டுப் போகிறான். அந்த 40 நினைவுகளும் கழிவாகி ஆளுக்கு 2 வீதம் பிரிந்துவிட்டன. காட்பாடிக்கு ஒருநாளும் வந்திராத பூக்காரி ஒருத்திக்கு, அந்தப் பையன் ஏழு வயதில் மாடியிலிருந்து விழுந்து நெற்றியில் தையல் போட்டது நேரில் பார்த்ததுபோல் நினைவிருக்கிறது.

உங்கள் கூட்டம் வேறாக இருக்கலாம். ஆனால் அதில் உள்ளவர்களுக்கு என்ன வேண்டும், யார் கொடுக்கிறார், விலை என்ன, என்றைக்கு முடிகிறது என்ற நான்கு கேள்விகளுக்கும் ஒரே பக்கத்தில் பதில் எழுதி முடிக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். நான்காவது பதிலில்தான் ஆட்டத்தின் அவசரம் பிறக்கிறது. என் சீட்டில் 19 பேர்தான் மனிதர்கள். நோட்டில் இருபதாவது வரியில் பெயர் இல்லை, ஈர மணல் கறை மட்டும். கடைசி மாதம் அதன் முறை. அது தள்ளாமல், முழுவதையும் எடுக்கும்: ஆற்றோரத்தில் வாழ்கிற அத்தனை பேரையும் உலகம் மறந்துவிடும். ஆட்டம் தொடங்கும்போது 18 மாதம் முடிந்திருக்கிறது.

காலமும் இடமும்

1988 மே மாதத்தைத் தேர்ந்தேன். வட ஆற்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டது 1989இல். அதற்கு முந்தைய ஆண்டில் வேலூர், ஆரணி, திருவண்ணாமலை, திருப்பத்தூர் எல்லாம் ஒரே மாவட்டத்துக்குள் இருந்தன. எனவே ஒரு பாத்திரம் எங்கே போய் எந்தப் பதிவேட்டைப் பார்த்தாலும் வேலூர்த் தலைமையிடத்தோடு அது தொடர்பு பெறும். கைபேசி இல்லை என்பது அதைவிடப் பெரிய வசதி. பாத்திரங்கள் பிரிந்து போனால் ஒருவருக்கு நேர்ந்தது மற்றவருக்குத் தெரியாது. நேரில் போய்த்தான் கேட்க வேண்டும், அஞ்சலுக்கும் டிரங்க் காலுக்கும் காத்திருக்க வேண்டும். காத்திருத்தலே திகிலில் பாதி.

கொடுக்கிறவர் யார் என்பதற்கு விடையைப் பாலாறு தந்தது. ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு என்று வேலூரைக் கேலி செய்வது பழைய வழக்கம். சாமி திரும்பி வந்துவிட்டார், ஆற்றுக்கு இன்னும் அந்தப் பெயர் போகவில்லை. ஆனால் பாலாற்றில் தண்ணீர் இல்லை என்பது மேலே நின்று பார்ப்பவர் சொல்வது. மணலைத் தோண்டினால் ஊற்று வரும். மணலுக்கடியில் ஓடும் நீரை நம்பி ஊற்றுக்கால் வெட்டிப் பாசனம் செய்த நாடு இது. காய்ந்த மணற்பரப்பின் கீழே, கண்ணுக்குத் தெரியாமல், ஏதோ ஒன்று எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கிறது என்பதைவிட நல்ல திகில் படிமம் எனக்குக் கிடைத்ததில்லை. காட்பாடி ஆற்றுக்கு வடக்கே, வேலூர் தெற்கே. துப்பறியும் பாத்திரங்கள் ஒவ்வொரு முறையும் பாலத்தைக் கடந்தாக வேண்டும். கடக்கும்போதெல்லாம் மணலைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு நகருங்கள். மூன்றாம் முறை நீங்கள் சொல்லாவிட்டாலும் அவர்களே எட்டிப் பார்ப்பார்கள்.

1903 நவம்பரில் பாலாற்றில் வந்த பெருவெள்ளம் வாணியம்பாடியைச் சூறையாடியது வரலாறு. அதில் எல்லாவற்றையும் இழந்த சிலர் முதல் சீட்டைத் தொடங்கினார்கள் என்று என் கதையில் வைத்தேன். உண்மையான துயரத்தைத் தொடும்போது ஓர் எல்லை வேண்டும்: வெள்ளத்தைக் கூட்டம் வரவழைத்தது என்று எழுதாதீர்கள், இறந்தவர்களைப் பேய்களாக்காதீர்கள். இதே காரணத்தால் கோட்டையையும் 1806 ஜூலை 10ஆம் நாள் சிப்பாய்ப் புரட்சியையும் நான் தொடவில்லை. கோட்டை அகழியோரம் மாலையில் ஒரு சாட்சியைச் சந்திக்க வையுங்கள். வேர்க்கடலைக்காரரும் காற்று வாங்க வந்த குடும்பங்களுமாக அது வெளிச்சத்தோடு இருக்கட்டும். ஊரில் பயமில்லாத இடம் ஒன்றாவது இருந்தால்தான் பயமுள்ள இடம் தனித்துத் தெரியும்.

ஆட்டத்துக்கு முன் ஓர் உரையாடல்

ரகசியக் கூட்டம் என்றதும் சிலர் கிராம தேவதை வழிபாட்டையோ, ஜவ்வாது மலை மக்களையோ, பழைய சமணக் குகைகளையோ, ஏதேனும் ஒரு தெருவின் சாதியையோ மதத்தையோ வில்லனாக்கிவிடுகிறார்கள். இது சோம்பேறித்தனம், மேசையில் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் பாட்டி கும்பிடும் சாமியை நீங்கள் பிசாசாக்கிக்கொண்டிருக்கலாம். சீட்டில் எல்லாத் தெருக்காரரும் இருப்பார்கள் என்பது அதில் எனக்கு இன்னொரு வசதி.

ஒரு வாரம் முன்பே ஆட்டக்காரர்களிடம், எது கதையில் வரவே கூடாது, எது வந்தாலும் விவரிக்கப்படாமல் கடந்துபோக வேண்டும் என்று தனித்தனியாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். என் குழுவில் ஒருவர் தாயை இழந்து அப்போது ஓராண்டுகூட ஆகவில்லை. அவரிடம் கதையின் மையம் ஒரு தாய் என்று முன்னரே சொல்லி, அவர் சரி என்ற பிறகே தொடர்ந்தேன். மேசை நடுவே எக்ஸ் குறியிட்ட அட்டை ஒன்றை வைத்து, யார் அதைத் தொட்டாலும் காரணம் கேட்காமல் அந்தக் காட்சியைத் தாண்டிவிடும் முறை ஜான் ஸ்டாவ்ரோபூலோஸ் அறிமுகப்படுத்தியது; செலவில்லாதது, வைத்துவிடுங்கள். மகனுக்குப் பெயர் வைக்கும்போது எந்த ஆட்டக்காரரின் வீட்டிலும் அந்தப் பெயர் இல்லை என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

பாத்திரங்கள்

துப்பறியும் நால்வருக்கும் கதவு திறக்கும் வேலை ஏதாவது இருக்க வேண்டும். குடும்ப அட்டைப் பதிவேட்டை எடுக்கக்கூடிய தாலுகா அலுவலக எழுத்தர். பழைய நோயாளிக் குறிப்பைப் பார்க்கக்கூடிய செவிலியர். யாரிடமும் எதையும் கேட்கத் துணிந்த பகுதிநேர நிருபர். ஊர் ஊராகப் போய்ப் பாரதக் கூத்து ஆடும் வாத்தியார். இந்த நான்காவது பாத்திரத்தை வட ஆற்காட்டில் ஆடாமல் வேறெங்கே ஆடுவது? இரவெல்லாம் விழித்திருப்பவர், எல்லா ஊரிலும் தெரிந்தவர் உள்ளவர், நூற்றுக்கணக்கான பாடல்களை மனத்தில் சுமப்பவர். நினைவைத் தின்னும் ஒன்றுக்கு எதிரே அவர் நிற்பது தானாகவே நாடகமாகிறது. ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வகத்தில் இரவுப் பணி பார்ப்பவரை ஒருவர் கேட்டார். 1986 முதல் வைணு பாப்பு பெயரைத் தாங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே இருந்ததால் காலத்துக்குப் பொருந்தும்தான், ஆனால் மலையிலிருந்து அவரை அடிக்கடி இறக்க வேண்டியிருக்கும் என்று மறுத்துவிட்டேன்.

இவர்களில் ஒருவருக்கு மட்டும் ஒரு முடிச்சு உண்டு. காணாமல்போன மகனின் உயிர் நண்பர் அவர். தள்ளிய 40 பேரில் அவரும் ஒருவர். அது அவருக்கே தெரியாது. ஆட்டக்காரரிடம், "உங்கள் பாத்திரத்துக்கு ஆட்டத்துக்கு முன்பே ஏதோ நடந்திருக்கலாம், சம்மதமா?" என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தடயங்கள்

அமர்வு தோற்பது பெரும்பாலும் இங்கேதான். என் முதல் துப்பறியும் ஆட்டத்தில் கதையின் ஒரே சாவியை ஒரு டிரங்குப் பெட்டிக்குள் வைத்திருந்தேன். பூட்டைத் திறக்கப் பகடை உருட்டச் சொன்னேன், இருமுறை தோற்றார்கள். பெட்டியை விட்டுவிட்டுப் பெங்களூருக்கு ரயில் ஏறி, அங்கே ஒன்றுமே இல்லாத ஊரில் ஒரு மணி நேரம் தேடினார்கள். கடைசியில் ஒரு காவலரை அனுப்பிச் சாவியை அவர்கள் கையில் கொடுக்க வைத்தேன். எல்லாரும் மரியாதையாகச் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு இரண்டு கொள்கைகளை விடாமல் பின்பற்றுகிறேன். முதலாவது, ராபின் லாஸ் தம் கம்ஷூ என்ற துப்பறியும் ஆட்ட விதிமுறைகளில் வலியுறுத்துவது: கதை நகரத் தேவையான தடயத்துக்குப் பகடை கிடையாது, சரியான இடத்தில் சரியாகத் தேடினால் கிடைத்துவிடும். பகடை, கூடுதலாக என்ன தெரிந்தது, யார் கண்ணில் படாமல் தெரிந்துகொண்டார்கள் என்பதற்கு மட்டும். இரண்டாவது, ஜஸ்டின் அலெக்சாண்டர் 2008இல் எழுதிய மூன்று தடய விதி: ஆட்டக்காரர்கள் எட்ட வேண்டிய ஒவ்வொரு முடிவுக்கும் குறைந்தது மூன்று தடயங்கள். ஒன்றைத் தவறவிடுவார்கள், ஒன்றைத் தவறாகப் புரிந்துகொள்வார்கள், மூன்றாவது காப்பாற்றும்.

எனவே தடயங்களை எழுதுவதற்கு முன் முடிவுகளை எழுதுங்கள். என் ஆட்டத்தில் நான்கு. மகன் ஒருவன் இருந்தான், இருக்கிறான் என்பது முதல் முடிவு. அதற்குக் குடும்ப அட்டை ஒன்று. தெருமுனைத் தையற்காரரின் அளவு நோட்டில் அதே கதவு எண்ணுக்கு எதிரே ஓர் இளைஞனின் சட்டை அளவு இரண்டு. ஸ்டுடியோவில் எடுத்த படத்தில் தாயின் அருகே நிற்கும் உருவம் மூன்று. படத்தைத் தாயிடம் காட்டினால் அவர் பார்வை அந்த இடத்தில் நிற்காமல் வழுக்கிப் போகும். இதை நீங்கள் விளக்காதீர்கள், நடித்துக் காட்டுங்கள்.

சீட்டுதான் காரணம் என்பது இரண்டாவது. கைவிடப்பட்ட நோயாளி ஒரே மாதத்தில் தேறியதைக் காட்டும் மருத்துவக் குறிப்பு, பூக்காரிக்குத் தெரிந்திருக்கக் கூடாத தையல் கதை, நோட்டிலிருந்து கிழிந்த ஒரு தாள். மூன்றாவது, எங்கே எப்போது என்பது: மே மாத வறட்சியில் உறுப்பினர் ஒருவரின் வாசலில் கழற்றிவிட்ட செருப்பின் அடியில் ஈர மணல், அமாவாசைத் தாள்களை மட்டும் கிழிக்காமல் விட்ட தினசரிக் காலண்டர், அமாவாசை இரவில் மாடுகள் ஆற்றில் இறங்க மறுப்பதாகச் சொல்லும் மணல் வண்டிக்காரர்.

நான்காவது முடிவு, இருபதாவது ஆள் யார் என்பது. இதை நான் ஒரு கணக்காக வைத்தேன். 40 நினைவுகள், 20 பேர், ஆளுக்கு 2. பாத்திரங்கள் 19 பேரையும் கண்டுபிடித்து யாருக்கு எந்த நினைவு போனது என்று எழுதிக்கொண்டே வந்தால் 38தான் வரும். காணாத இரண்டும் எங்கே? ஒன்று தாயுடையது. மற்றது யாருடையது என்று எழுத்தராக ஆடியவர் உரக்கக் கேட்ட கணத்தில், மேசையில் ஒருவர் மட்டும் பேசாமல் தம் கையிலிருந்த பெயர்ச் சீட்டுகளை எண்ணத் தொடங்கினார். அது ஏன் என்பதைச் சற்றுப் பின்னால் சொல்கிறேன்.

சீட்டு நோட்டு

ஆட்டக்காரர் கையில் கொடுக்கும் பொருள்களில் ஒன்றை மட்டும் அக்கறையாகச் செய்யுங்கள். மற்றவை வெள்ளைத் தாளில் இருந்தாலும் பரவாயில்லை. நான் நீளவாக்கில் திறக்கும் கணக்கு நோட்டு ஒன்றை வாங்கி, தாள்களைக் காபி டிகாக்‌ஷனில் லேசாகத் தோய்த்துக் கொடியில் காயவைத்து, பாதி ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போட்டேன். முழுவதும் காய்ந்த பிறகு போட்டால் சுருக்கம் போகாது. பால்பாயிண்ட் பேனா வேண்டாம். மைப்பேனாவால் எழுதுங்கள், தோய்த்த தாளில் மை கொஞ்சம் கசியும், அதுவே பழமையைக் கொடுக்கும்.

எண்களைத் தமிழ் எண்களில் எழுதினேன். பழைய முறையில் பதினெட்டு என்பது ௰௮, இருபது என்பது ௨௰, 1903 என்பது ௲௯௱௩. இதில் ஒரு பொறி இருக்கிறது: ௨ என்ற எண் பார்வைக்குப் பிள்ளையார் சுழிபோலவே இருப்பதால், கடைசி வரியின் தொடக்கத்தில் இருந்த ௨௰ என்பதை என் ஆட்டக்காரர்கள் "உ போட்டு ஏதோ கிறுக்கியிருக்கிறார்கள்" என்று தள்ளிவிட்டார்கள். கூத்து வாத்தியாராக ஆடியவர் அரை மணி நேரம் கழித்து நோட்டை மறுபடி வாங்கி, வரிகளை விரலால் எண்ணி, "இது பத்தொன்பது வரி இல்லை" என்றார். எனக்கு அதற்குமேல் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பயத்தை எதனால் அளப்பது

கால் ஆஃப் கதுல்ஹுவில் மனத்தெளிவுக்கு ஒரு மதிப்பெண் உண்டு. கண்டறியக் கூடாததைக் கண்டால் அது குறையும். நல்ல முறைதான். ஆனால் கூட்டத்தின் விலை என்னவோ அதையே ஆட்டக்காரரும் இழக்குமாறு செய்தால் பயம் எண்ணாக நிற்காது. என் முறை இது: ஒரு வாரம் முன்பே ஒவ்வோர் ஆட்டக்காரரும் தம் பாத்திரத்துக்கு நெருங்கிய ஆறு பேரின் பெயரைத் தம் கையால் ஆறு துண்டுத் தாள்களில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஆட்ட நாளில் திருப்பிக் கொடுங்கள். மேசை நடுவே மணல் நிரப்பிய ஒரு சொம்பு. திகிலான ஒன்றைச் சந்திக்கும்போது பகடையில் தோற்றால், ஒரு பெயரைத் தாமே தேர்ந்து, உரக்க வாசித்து, மடித்து, மணலுக்குள் செருக வேண்டும். அதன் பிறகு அந்தப் பாத்திரத்துக்கு அப்படி ஒருவரைத் தெரியாது. ஆறும் போய்விட்டால் அவர் எழுந்து ஆற்றை நோக்கி நடந்துவிடுவார்.

முடிச்சு உள்ளவருக்கு மட்டும் ஐந்தைத்தான் திருப்பிக் கொடுத்தேன். ஒன்றை ஆட்டத்துக்கு முன்பே மணலில் புதைத்துவிட்டேன். மூன்றாவது மணி நேரம்வரை அவர் எண்ணிப் பார்க்கவில்லை.

நான்கு மணி நேரமும் கூட்டத்தின் கடிகாரமும்

முதல் அரை மணி நேரம் பாத்திர அறிமுகமும் இரண்டு தட்டுக் காட்சியும். அடுத்த ஒன்றரை மணி நேரம் துப்பறிதல். இதில் எந்த வரிசையில் எங்கே போவது என்பதை அவர்களிடமே விட்டுவிடுங்கள். பத்து நிமிடம் டீ. பிறகு ஒரு மணி நேரம் கூட்டம் இவர்களைத் தேடி வரும். நாற்பது நிமிடம் ஆற்று மணலில் கடைசி ஏலம். மீதிப் பத்து நிமிடம் இறக்கி வைக்க.

கூட்டமும் துப்பறிகிறது என்பதை மறந்துவிடக் கூடாது. பாத்திரங்கள் வெளிப்படையாகக் கேள்வி கேட்கும்போதெல்லாம் ஒரு தாளில் ஒரு கோடு போடுங்கள். முதல் கோட்டுக்கு, சீட்டை நடத்தும் சீட்டம்மா வீட்டுக்கே வந்து, மோர் வாங்கிக் குடித்து, "ஒரு சீட்டு காலியா இருக்குது, சேர்ந்துக்கிறியா கண்ணு?" என்று அன்பாகக் கேட்பார். இரண்டாவதுக்குத் தாலுகா அலுவலகப் பதிவேட்டில் ஒரு பக்கம் வெறுமையாகிவிடும். மூன்றாவதுக்கு, தினமும் டீ கொடுத்தவர் "நீங்க யாருப்பா, புதுசா?" என்பார். நான்காவதுக்குச் சொந்த வீட்டுக் கதவு. ஐந்தாவதுக்கு நான் எதையும் எழுதிவைக்கவில்லை. அதற்குள் அவர்கள் ஆற்றுக்கு வந்துவிட்டார்கள்.

சீட்டம்மாவைக் கொடுமைக்காரியாக ஆடாதீர்கள். அவர் உறுப்பினர்களின் பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடித்தவர், நடு இரவில் ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு ஓடியவர். தாம் செய்வது உதவி என்று உண்மையாகவே நம்புகிறார். அவரிடம் பேசிவிட்டு வந்த நிருபர், "நானே சேர்ந்திருப்பேன்" என்றார்.

மேசையில் நடந்துகொள்ளும் முறை

கேம் மாஸ்டருக்கு நம் தெருக்கூத்தின் கட்டியக்காரனைவிட நல்ல ஆசான் இல்லை. திரைக்குப் பின்னால் வந்து நிற்கும் ராஜாவிடம் "யார், எங்கே வந்தீர்" என்று கேட்டு, அவர் வாயாலேயே கதையைச் சொல்ல வைப்பவன் அவன். காவலாளியாகவும் வேலைக்காரனாகவும் எல்லாச் சில்லறை வேடங்களையும் அவனே கட்டுவான். எங்கே சிரிக்க வைப்பது, எங்கே ஒதுங்கி நிற்பது என்று அவனுக்குத் தெரியும். நீங்களும் கதையைச் சொல்வதைக் குறைத்துக் கேட்பதைக் கூட்டுங்கள். "கதவைத் திறந்ததும் முதலில் எதைப் பார்க்கிறீர்கள்?" என்று ஆட்டக்காரரிடமே கேட்டால், அவர் எதற்கு அஞ்சுகிறார் என்பதை அவரே சொல்லிவிடுவார். முதல் பாதியில் சிரிப்பைத் தடுக்காதீர்கள். இசை ஓடவிட வேண்டிய அவசியமில்லை. மின்விசிறியை நிறுத்தினால் போதும், மே மாத வேலூரில் அதற்கு மேல் ஒரு சூழல் அமைப்பு தேவைப்படாது.

தவறான வழியில் போகிறார்கள் என்றால் திருத்தாதீர்கள். அவர்கள் போன இடத்தில், எஞ்சியுள்ள தடயங்களில் பொருந்தும் ஒன்றை வையுங்கள்.

கடைசி ஏலம்

முடிவை எழுதிவைக்காதீர்கள், கூட்டத்தின் விதிகளை மட்டும் கறாராக வைத்துக்கொண்டு, அவற்றுக்குள் ஆட்டக்காரர்கள் கண்டுபிடிக்கும் எந்த ஓட்டையையும் மதியுங்கள். நடத்துபவர் ஓடிப்போனால் சீட்டு உடையும், கட்ட வேண்டியவர் கட்டாவிட்டால் தகராறு வரும், ஆள் மாற்றிக்கொள்ளலாம். சீட்டம்மாவின் மனத்தை மாற்றுவார்கள் என்று நான் எதிர்பார்த்திருந்தேன்.

அவர்கள் செய்தது வேறு. எழுத்தர் நோட்டைக் கையில் எடுத்து, மணலில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரையும் பார்த்து, இந்தப் பையன் சீட்டு எடுத்தது உங்களில் யாருக்காவது நினைவிருக்கிறதா என்று கேட்டார். யாருக்கும் இல்லை. "எடுத்தது யாருக்கும் தெரியவில்லை என்றால் அது எடுக்காத சீட்டு. எடுக்காத சீட்டு இரண்டு இருக்கிறது. அப்படியானால் கடைசி ஆள் என்று யாரும் இல்லை, ஏலம் விட்டாக வேண்டும், இருபதாவது ஆளும் தள்ளித்தான் கேட்க வேண்டும்" என்றார். எண்பது ஆண்டுகளாகத் தள்ளாமலே எடுத்துவந்த ஒன்று முதல்முறையாக எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டிய நிலை. என்னிடம் பதில் இல்லை. இரண்டு நிமிடம் கேட்டு வாங்கிக்கொண்டு வெளியே போய் யோசித்துவிட்டு வந்தேன். நீங்களும் அப்படிக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிறகு சொம்பை எடுத்து, மணலை ஒரு தட்டில் கொட்டி, வெளிவந்த துண்டுத் தாள்களை அவரவரிடம் கொடுத்தேன். ஆறாவது பெயரைப் பெற்றவர் அதை உரக்க வாசித்தார்.

எல்லாரும் தத்தம் பெயர்ச் சீட்டுகளைத் திரும்பப் பெற்ற பிறகு, பாத்திரப் பெயர்களை விட்டு அவரவர் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, எது பிடித்தது, எது அதிகமாகிவிட்டது என்று பேசவிடுங்கள். அதற்கு முன், ஒரே ஒரு காட்சி பாக்கி இருக்கும். காட்பாடி வீடு, இரவு எட்டு மணி, இரண்டு தட்டு. எதிர்ச்சாரி டீக்கடை ஓரம் யாரும் நிற்கவில்லை. இரண்டாவது தட்டு மூடியிருக்கவில்லை என்று மட்டும் சொல்லி, மின்விசிறியைப் போட்டுவிடுங்கள்.